இமை எப்போது இறங்கியது? வீட்டுச் சுவர்ப் படத்தைக் கேளுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஆத்தாவுக்கு வயது 66. வலது கண்ணின் மேல் இமை பாதிக் கண்வரை இறங்கிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் ஆளுக்கு ஆள் “என்ன ஆச்சி, ராத்திரி தூங்கலையா?” என்கிறார்களாம். ஒருவர் இமைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார், ஒருவர் விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார், டாக்டர் ஆபரேஷன் என்கிறார். அழகுக்காகச் செய்வதுதானே அது, இந்த வயதில் எதற்கு என்று ஆத்தா மறுக்கிறார். இது ஒரு கேள்வி. இன்னொன்று, அவருடைய எட்டு மாதக் குழந்தைக்கும் பிறந்ததிலிருந்து இடது இமை இறங்கியிருக்கிறது. ‘ஐயா ஜாடை’, அதாவது தாத்தா சாயல் என்று வீட்டில் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. காரைக்குடியில் இருபது வருஷமாகக் கண் பார்க்கிறேன். இமை இறங்கி வருகிறவர்களிடம் முதலில் நான் டார்ச்சை எடுப்பதில்லை. ‘எப்போதிருந்து?’ என்றுதான் கேட்பேன். வைத்தியத்தில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. ஆனால் வருகிறவர் சொல்லும் பதிலை நான் அப்படியே நம்புவதில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது யாருக்கும் தெரிவதில்லை. யாரோ ஒரு நாள் சொன்ன பிறகுதான் தெரியும். அந்த நாளையே ஆரம்பம் என்று சொல்லிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி, சுவர் நிறையப் படம் மாட்டியிருக்கும். ஒரு ஆச்சி ‘ஒரு மாசமாத்தான்’ என்று வந்தார். கூட வந்த மகனை வீட்டுக்குப் போன் போடச் சொல்லி, சுவரில் இருக்கும் படங்களை வரிசையாகப் போனில் எடுத்து அனுப்பச் சொன்னேன். கல்யாணப் படம், வீட்டுக்காரருடைய அறுபதாம் கல்யாணச் சாந்திப் படம், பேத்தி கல்யாணப் படம் என்று வந்தன. கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 20 வயதுப் பெண்ணின் வலது புருவம் இடதைவிட ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. வலது இமைக்கு மேல் மடிப்பே இல்லை. அதாவது பிறந்ததிலிருந்தே இருக்கிறது. இத்தனை வருஷம் புருவத்தால் தூக்கிச் சமாளித்திருக்கிறார், வயதானதும் நெற்றிக்குத் தெம்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூளை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைய வேண்டிய வேலை ஒரு சுவரால் மிச்சமானது.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. ‘எனக்கு எப்பவுமே அரைக்கண்தான்’ என்று சிரித்துக்கொண்டே ஒருவர் உட்கார்ந்தார். மூன்று மாதம் முன்பு எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. இறங்கிய இமையை விரலால் தூக்கியதும் ‘ரெண்டு ரெண்டாத் தெரியுதே’ என்றார். அதுவரை இமை மூடியிருந்ததால் இரட்டைப் பார்வை அவருக்கே தெரியவில்லை. அவரை அன்றைக்கே மதுரைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இமை எப்படித் தூக்கப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். மேல் இமையைத் தூக்க ஒரு பெரிய தசை இருக்கிறது. கண்குழியின் ஆழத்தில் தொடங்கி முன்னால் வந்து, அகலமான நாராக மாறி இமையின் விளிம்புத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு இதை இயக்குகிறது. இதற்கு அடியில் முல்லர் தசை என்று ஒரு சின்னத் தசை. அது தானியங்கி நரம்பின் கட்டுப்பாட்டில் இருப்பது, சுமார் 2 மி.மீ. தூக்கும். இவை இரண்டும் போதாதபோது நெற்றித் தசை துணைக்கு வருகிறது. இமை இறங்கியவர்களுக்கு நெற்றிச் சுருக்கம் அதிகமாகவும், சாயங்காலம் ஆனால் முன்தலை வலியும் இருப்பது இதனால்தான். தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், காரணம் இமையில் இருக்கும்.

நேராகப் பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் மேல்விளிம்பை 1 முதல் 2 மி.மீ. வரை மூடியிருப்பது இயல்பு. கண் பாப்பாவின் (கருவிழி நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) நடுவில் விழும் டார்ச் வெளிச்சப் புள்ளியிலிருந்து இமை விளிம்புவரை 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். மற்றக் கண்ணோடு ஒப்பிட 2 மி.மீ. இறங்கினால் லேசானது, 3 நடுத்தரம், 4-ம் அதற்கு மேலும் கடுமை. இன்னொரு அளவு இதைவிட முக்கியம். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் கீழே பார்க்கச் சொல்லி, பிறகு நன்றாக மேலே பார்க்கச் சொல்வோம். அந்த இடைவெளியில் இமை எத்தனை மி.மீ. நகர்கிறது என்று சாதாரண ஸ்கேலாலேயே அளந்துவிடலாம். 12-க்கு மேல் என்றால் தசை திடமாக இருக்கிறது. 4 அல்லது அதற்கும் கீழே என்றால் தசையில் உயிரில்லை. எந்த ஆபரேஷன் என்பதை இந்த அளவுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இப்போது உங்கள் ஆத்தா விஷயம். நீங்கள் எழுதியதில் எனக்கு உதவிய வரி, இரண்டு வருஷம் முன்பு அதே கண்ணில் கேடராக்ட் ஆபரேஷன் நடந்தது என்பது. வயதானவர்களுக்கு வரும் இமைச் சரிவில் பெரும்பாலானவற்றில் தசை கெடுவதில்லை, அதன் நார்தான் இமைத் தட்டிலிருந்து நழுவியோ மெலிந்தோ போகிறது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர் கையில் பலம் அப்படியே இருக்கிறது, வாளியோடு கட்டிய முடிச்சு நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது, கண்ணைக் கசக்கும் பழக்கம், பல வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போடுவது, கண் ஆபரேஷன் எல்லாம் அந்த முடிச்சைத் தளர்த்தும். கேடராக்ட் டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணைத் திறந்து வைக்கும் கிளிப் போடாமல் அந்த ஆபரேஷன் நடக்காது. ஏற்கெனவே நைந்த முடிச்சு அதில் இன்னும் கொஞ்சம் விடுகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஆத்தாவைக் கீழே, மடியில் இருக்கும் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலது இமை இடதைவிட இன்னும் கீழே இறங்கினால் நார் நழுவியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்கள் பத்திரிகை படிக்கும்போதுதான் அதிகம் கஷ்டப்படுவார்கள். பிறவிச் சரிவில் இது தலைகீழ். தசையே இறுகிப்போய் இருப்பதால், கீழே பார்க்கும்போது அந்த இமை இறங்காமல் மற்றதைவிட மேலே நின்றுவிடும். இமை மடிப்பையும் பாருங்கள். நார் நழுவினால் மடிப்பு வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கும், அதற்கு மேல் குழி விழுந்தது போல் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. வலது இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கண்ணைக் கவனியுங்கள். அது லேசாக இறங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு இமைக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு ஆணைதான் போகும், ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. நோஞ்சான் மாட்டுக்காகத் தார்க்குச்சியைப் போட்டால் நல்ல மாடும் சேர்ந்து ஓடும். நோஞ்சான் மாடு சரியானதும் நல்ல மாட்டின் வேகம் குறையும். ஆபரேஷனுக்குப் பிறகு ‘இந்தக் கண்ணைச் சரி பண்ணி அந்தக் கண்ணைக் கெடுத்துட்டாங்க’ என்று வருகிறவர்களில் பலர் இந்தக் கணக்கை யாரும் முன்னாலேயே சொல்லாததால் வருகிறவர்கள்.

பயிற்சி, எண்ணெய் பற்றி: முடிச்சு நழுவியிருக்கும்போது இறைக்கிறவர் தண்டால் எடுத்து என்ன பயன்? விளக்கெண்ணெயை இமைக்கு வெளியே தடவினால் பிசுபிசுப்பு தவிர வேறு கெடுதல் இல்லை. தேன், தாய்ப்பால், இலைச்சாறு என்று எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். கருவிழியில் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இமை கடைசிவரை அப்படியேதான் இருந்தது, பார்வைதான் போனது.

எல்லாச் சரிவும் இப்படிச் சாதுவானதில்லை. சில சரிவுகள் வேறெங்கோ இருக்கும் ஆபத்துக்கு இமை காட்டும் அடையாளம்.

திடீரென்று, ஒரு நாள் இரண்டு நாளில் இமை இறங்கினால், உடனே பாப்பாவைப் பாருங்கள். இறங்கிய கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகி, இரட்டைப் பார்வையும் கடுமையான தலைவலியும் இருந்தால், மூளையின் ரத்தக் குழாய் ஒன்று வீங்கி மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. மறுநாள் என்று தள்ளாமல் மூளை ஸ்கேன், நரம்பு அறுவை வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். நான் மதுரைக்கு அனுப்பியவருக்கு நல்லவேளையாக அது இல்லை. சர்க்கரையால் நரம்புக்கு ரத்தம் குறைந்த வகை. அதில் வழக்கமாகப் பாப்பா பாதிக்கப்படாது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மூன்று மாத அளவில் தானாகச் சரியாகிவிடும். அவருக்கும் சரியானது. ஆனால் எது எது என்று பரிசோதிக்காமல் ஊகித்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

இமை 1, 2 மி.மீ. மட்டும் இறங்கி, பாப்பா சின்னதாகியிருந்தால் கதை வேறு. முல்லர் தசைக்குப் போகும் தானியங்கி நரம்பு எங்கோ அறுபட்டிருக்கிறது. அந்த நரம்பு மூளையிலிருந்து கழுத்து வழியே நெஞ்சின் உச்சிவரை இறங்கிச் சுற்றிக்கொண்டு கண்ணுக்கு ஏறுகிறது. அதனால் கழுத்து ரத்தக் குழாயில் கிழிசல், நுரையீரல் உச்சியில் கட்டி போன்றவை கண்ணில் முதலில் தெரியலாம். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்கு இப்படி இருந்தால் நெஞ்சு ஸ்கேனையும் நான் சேர்த்து எழுதிவிடுவேன்.

காலையில் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் இமை தொங்குகிறது, ஒரு நாள் வலது ஒரு நாள் இடது என்று மாறுகிறது என்றால் மயஸ்தீனியா என்ற நோயை நினைக்க வேண்டும். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அடைத்துவிடுகிற நோய் இது. மேலேயே ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கச் சொன்னால் இமை மெல்ல மெல்ல வழுக்கி இறங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி, மூடிய இமைமேல் 2 நிமிஷம் வைத்து எடுத்தால், 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இமை ஏறிவிடும். குளிரில் அந்தச் சந்திப்பு நன்றாக வேலை செய்யும். இவ்வளவு எளிமையான பரிசோதனை கண் வைத்தியத்தில் குறைவு. இந்த நோய்க்கு மாத்திரை உண்டு, முதலிலேயே இமையில் கத்தி வைக்க வேண்டாம். ஆனால் விழுங்கச் சிரமம், பேச்சு மூக்கில் வருவது, மூச்சு வாங்குவது என்று வந்தால் அவசரம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக், சில ரத்த அழுத்த மாத்திரை, கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட இந்த நோயைக் கிளப்பிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு காரணத்தை வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் விழிப்பார்கள், நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. வெயில் காலத்தில் காற்றுக்காகத் தரையில் படுத்தவர், விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இரண்டு இமையையும் திறக்க முடியாமல் தவித்தால், கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அது ராத்திரியில் நடமாடும் பாம்பு. பல் சின்னது, கடிவாய் தேடினாலும் தெரியாது, வலியும் இருக்காது. நல்ல பாம்பு விஷத்திலும் முதலில் இறங்குவது இமைதான், அடுத்து தொண்டை, கடைசியில் மூச்சு. கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆளை அசைக்காமல் கொண்டுபோவது நல்லது.

பொய்ச் சரிவும் உண்டு. இமை சரியான இடத்தில்தான் இருக்கும், மேல் தோல் தளர்ந்து திரைச்சீலை மாதிரி விழுந்திருக்கும். அல்லது தைராய்டால் ஒரு கண் முழித்துக்கொண்டிருக்க, நல்ல கண் சின்னதாகத் தெரியும். கட்டி கனத்து இமையை இழுப்பதும் உண்டு. இவற்றுக்கு வைத்தியம் வேறு.

சரி, ஆபரேஷன். அது அழகுக்கா என்று ஆத்தா கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இமை பாப்பாவை மறைக்கும்போது மேல்பக்கப் பார்வை போய்விடுகிறது. உள்வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொள்வது, மேல் தட்டில் இருக்கும் டப்பா தெரியாமல் தடவுவது, ரோட்டில் சிக்னலைப் பார்க்க முகத்தை அண்ணாந்துகொள்வது எல்லாம் இதனால்தான். கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையை இமை இறங்கியபடி ஒரு தடவையும், பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி ஒரு தடவையும் எடுத்தால் வித்தியாசம் தாளில் தெரிந்துவிடும். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளும் புகைப்படமும் கையில் இருப்பது நல்லது. இடிக்கவில்லை, படிக்க முடிகிறது, ஆத்தாவுக்கும் கவலை இல்லை என்றால் ஆபரேஷனை விட்டுவிடலாம், குடி முழுகிவிடாது. அது அவர் முடிவு, கல்யாண வீட்டில் கேட்கிறவர்கள் முடிவு இல்லை.

செய்துகொள்வதென்றால், தசை திடமாக இருக்கும் பெரியவர்களுக்கு நழுவிய நாரைத் தேடிப்பிடித்து மறுபடி தட்டில் தைப்பார்கள். இமை மடிப்பிலேயே கீறுவதால் தழும்பு மறைந்துவிடும். மரத்துப்போக ஊசி மட்டும்தான். மயக்கம் கொடுக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாதியில் ‘எழுந்து உட்காருங்க, நேராப் பாருங்க’ என்று சொல்லி, இமை எந்த உயரத்தில் நிற்கிறது என்று எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் கடைசி முடிச்சைப் போடுவார்கள். ஜாக்கெட் தைக்கிறவர் போட்டுப் பார்த்து அளவு பிடிப்பது மாதிரிதான். அப்படியும் ஒரு மி.மீ. கூடக் குறையப் போகலாம், சிலருக்கு மறுபடி திருத்த வேண்டிவரும். இதை மறைத்து ‘நூறு சதவீதம்’ என்று சொல்கிறவரிடம் நான் என் சொந்தக்காரரை அனுப்ப மாட்டேன். சரிவு லேசாக இருந்தால் இமையின் உள்பக்கத்தில் முல்லர் தசையைச் சுருக்கித் தைக்கும் வழியும் உண்டு. ஒரு சொட்டு மருந்து விட்டு, இமை ஏறுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள். சொட்டு மருந்தே வைத்தியமாகவும் வந்திருக்கிறது. ஆக்சிமெட்டசோலின் 0.1 சதவீதச் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. சுமார் 1 மி.மீ. தூக்கும், அந்த நாளுக்கு மட்டும். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் அதே பெயர் கொண்டதுதானே என்று அதைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள், அது கண்ணுக்காகச் செய்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு விஷயம் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒன்று, கண்ணீர் போதிய அளவு சுரக்கிறதா. இன்னொன்று, கண்ணை மூடும்போது விழி மேலே உருள்கிறதா. தூக்கிய இமை சில வாரம் ராத்திரியில் முழுதாக மூடாது. விழி மேலே உருண்டு ஒளிந்துகொண்டால் கருவிழி காயாது, ஒளியாவிட்டால் காய்ந்து புண்ணாகும். படுக்கும்போது களிம்பு வைக்கச் சொல்வது அதற்காகத்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி குழந்தை. உண்மையில் எனக்கு ஆத்தாவைவிட உங்கள் எட்டு மாதப் பிள்ளையைப் பற்றித்தான் அவசரம். குழந்தையின் கண் பார்த்துப் பார்த்துத்தான் பார்வையைக் கற்றுக்கொள்கிறது. ஏழெட்டு வயதுக்குள் அந்தப் பாடம் முடிந்துவிடும். இமை பாப்பாவை மறைத்தாலோ, கருவிழியை அழுத்திப் பவரைக் கோணலாக்கினாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். அதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர். பிறகு இமையைத் தூக்கினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. ‘வளர வளரச் சரியாயிடும்’ என்பது பிறவிச் சரிவில் பொய். தசை நார்நாராகி, இடையில் கொழுப்பு புகுந்திருக்கும், அது தானாக மாறாது. ஐயா ஜாடை என்பது உண்மையாகக்கூட இருக்கலாம், சில குடும்பங்களில் வழிவழியாக வரும். ஐயாவுக்கு இருந்ததால் ஆபத்தில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஐயாவின் அந்தக் கண்ணில் பார்வை எவ்வளவு இருந்தது என்று யாராவது சோதித்தார்களா?

பால் குடிக்கும்போது பிள்ளையின் இமையைக் கவனியுங்கள். உறிஞ்ச உறிஞ்ச இமை டக் டக்கென்று மேலே ஏறி இறங்கினால், தாடைக்குப் போகும் நரம்பின் கிளை இமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மார்கஸ் கன் என்ற கண் மருத்துவர் 1883-ல் எடுத்துச் சொன்ன விஷயம் இது. தாய்மார்கள் இதை டாக்டருக்கு முன்பே பார்த்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

பாப்பா மறையாமல் இருந்தால் கண்ணாடி, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடிவைப்பது என்று பார்வையைக் காப்பாற்றிக்கொண்டு, மூன்று முதல் ஐந்து வயதில் ஆபரேஷன் செய்யலாம். மறைந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான். தசை சுத்தமாக வேலை செய்யாவிட்டால், மெல்லிய சிலிகான் கயிற்றாலோ தொடையிலிருந்து எடுத்த நாராலோ இமையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவார்கள். பிறகு புருவத்தைத் தூக்கினால் இமை ஏறும். பள்ளிக்கூடத்தில் முகவாயைத் தூக்கிக்கொண்டு பார்த்த ஒரு பையனை ‘என்னடா திமிரு’ என்று வாத்தியார் அதட்டிக்கொண்டே இருந்தாராம். இமையின் அடியில் இடுக்கு கிடைக்க அவன் அப்படித்தான் பார்க்க முடியும். ஆபரேஷன் முடிந்த மாதமே தலை நேரானது.

ஆகவே முதலில் குழந்தையைத்தான் கூட்டிப் போங்கள், இந்த வாரமே. இமைக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற கண் டாக்டர் வேண்டும். மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆத்தாவுக்குக் காலையில் டோக்கன் எடுக்காதீர்கள், சாயங்காலம் பார்க்கிற டாக்டராக இருந்தால் நல்லது, இமை களைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், கேடராக்ட் ஆபரேஷன் சீட்டையும் சேர்த்து. கிளம்புவதற்கு முன் வளவில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆத்தாவின் கல்யாணப் படத்தையும் ஐயாவின் படத்தையும் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாவுக்கு இறங்கியிருந்தது எந்தக் கண் என்று அதிலேயே தெரிந்துவிடும்.